வெள்ளிக்கிழமை மூச்சு

புற்றுநோய் முற்றிய பலராமனின் நெஞ்சில் ஒட்டியிருந்த சின்னக் கருவி, அவர் மூச்சை அளந்து நர்ஸின் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"இவருக்குத் திடீர் திடீர்னு மூச்சு வாங்குதும்மா. பிடிக்காத ஆள் யாரோ பக்கத்துல வர்றாங்க போல. அந்த ஆள உள்ள விடாதீங்க," என்றாள் நர்ஸ்.

அது யாரென்று மனைவி அமுதவல்லிக்கா தெரியாது? நாத்தனார் சுலோசனாவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். பழைய மில் சிநேகிதரையும் விரட்டினாள். நாளெல்லாம் தானே பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள்.

அடுத்த வாரம் நர்ஸ் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் மோசம்மா. வெள்ளிக்கிழம காலையில மட்டும்தான் நல்லா மூச்சு விட்டிருக்காரு. அன்னிக்கி என்ன பண்ணீங்க?"

அன்று காலை முழுவதும் அவள் மணக்குள விநாயகர் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள், அவர் மூச்சுக்காக.

"மிஷினு கெட்டுப்போச்சு. கழட்டிட்டுப் போங்க," என்ற அமுதவல்லி, கட்டிலில் அவரை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.