மேடம் நடந்த பாதை

வளைவில் ஜீப்பின் ஹாரன் இரண்டு முறை அலறியது.

"மேடம் வந்துட்டாங்க!"

சின்னராசு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினார். உள்ளங்கைக் கொப்புளங்கள் துண்டில் உரசி எரிந்தன.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறிய மலைப்பாதை வளைவுகள் எல்லாம் இன்னும் தலைக்குள் சுற்ற, பிரிசில்லா மேடம் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர்.

ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க, காட்டுப் பாதையில் நடந்து, ஓடை தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு மேடம் என்ன எழுதுகிறாரோ, அதை வைத்துத்தான் இங்கே பத்தாவது வருமா வராதா என்பது.

சின்னராசுவின் மகள் அருணா ஒன்பதாவது படிக்கிறாள். அவளோடு எட்டாவது முடித்த பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். இந்த மழையோடு அவளையும் நிறுத்திவிடுவதென்று அவள் அம்மா அத்தாயி சொல்லிவிட்டாள். பத்தாவது வரை ஊரிலேயே வந்தால்தான் அவளுக்குப் படிப்பு.

"போலாமா?" என்றார் மேடம்.

பாதையில் ஒரு முள் இல்லை. வழுக்கும் இடங்களில் படி வெட்டிக் கல் பதித்திருந்தது. வெட்டிப்போட்ட உண்ணிச்செடியின் வாசம் இன்னும் அடங்கவில்லை.

பின்னால் வந்த குழந்தைசாமி சின்னராசுவின் காதில் கிசுகிசுத்தான். "ஏனுங்க மாமா, என்ற கண்ணாலத்துக்குக்கூட நீங்க இப்படி வழி வெட்டலீங்களே."

"சும்மா வாடா. கீழ இருந்து ஒரு ஆபீசரம்மா வாராங்க. நம்ம லட்சணம் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?"

எல்லோருக்கும் முன்னால் அருணா நடந்தாள். முதுகில் புத்தகப் பை. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

அதைப் பார்த்ததும் சின்னராசுவுக்குத் திக்கென்றது. இன்று அந்தப் பை வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஓடையில் செந்தண்ணீர் இரைந்து ஓடியது. மேலே மூங்கில் பாலம், பச்சை மாறாமல். மேடம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, செருப்புகூட நனையாமல் அக்கரை சேர்ந்தார்.

சின்னராசுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேடம் திரும்பி, வந்த வழியை ஒருமுறை பார்த்தார்.

"வழி நல்லாத்தானே இருக்கு? பாலம் வேற இருக்கு. இதுகூட இல்லாத ஊரெல்லாம் இருக்குங்க. முதல்ல அவங்களுக்குத்தான் எழுதணும்."

கூட வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சின்னராசுவைப் பார்த்தார்கள். மேடம் வருவதற்குள் ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் அரிவாளை எடுத்தவர் அவர்தான்.

இப்போதும் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால், அப்படியானால் பெண் பிள்ளைகள் இதை எப்படித் தாண்டினார்கள் என்று மேடம் கேட்பார். பெற்ற அப்பனே அதை எந்த வாயால் சொல்வது?

அவர் தலை குனிந்துகொண்டார்.

மேடத்தின் பார்வை அருணாவின் கைக்குப் போனது. "அதென்ன கண்ணு, தனியா ஒரு பை?"

"சோறுங்க மேடம்," என்றார் சின்னராசு அவசரமாக.

அருணா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கரையோரம் நின்ற பெரிய பாறையைப் பார்த்தாள்.

"சோறு இல்லீங்க மேடம், மாத்துத் துணிங்க. நேத்துதான் பாலம் போட்டாங்க. அதுவரைக்கும் இடுப்புத் தண்ணியில எறங்கி வந்து, அந்தப் பாறைக்குப் பின்னால நின்னுதான் மாத்திக்குவேன்."