ஜவுளித் தெருவின் மூச்சு

துணை மின்நிலையத்தில் ஆட்களை நீக்கிவிட்டபின், பற்றாக்குறை வந்தால் எந்தத் தெருவை இருட்டாக்குவது என்பதைக் கணினியே முடிவு செய்தது. ஆக்சிஜன் மெஷினில் ஒருவர் மூச்சு விடும் தெருவை மட்டும் அது தொடாது; மூச்சு ஓடுகிறதா என்பதை மெஷினே அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பாத்திரத் தெருவோடு போட்டியிட்டு, நுரையீரல் கெட்ட சுடலைமணியை மனைவி இசக்கியம்மாளோடு தங்கள் கடை மாடியில் குடிவைத்தது ஜவுளித் தெரு. புதுமாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடக்காது.

தீபாவளிக்கு முந்தின மாலை, கீழே கூட்டம் நெரியும்போது, சுடலைமணி செத்துப்போனான். இசக்கியம்மாளின் அலறலுக்கு யாரும் வரவில்லை. தெருவில் விளக்கு அணைந்ததும் வியாபாரிகள் சங்கச் செயலாளர் குணாளன் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அவுகளை ஊருக்குக் கொண்டுபோகணும். வண்டி சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா தாயி? கடையை அடைச்சதும் மொத வண்டி உனக்குத்தான்."

மெஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே பிணத்தின் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினார். விம்மலில் அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. தெரு முழுக்க விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

அவள் மாஸ்க்கைப் பிடுங்கப் போனாள். குணாளன் அந்தக் கையைக் கனிவாகப் பிடித்துக்கொண்டார்.

"அழு தாயி, அடக்காம அழு. மெஷினுக்கு அதுவும் மூச்சுதான்."