டாக்டரிடம் சொல்லாதது

குவோப்பியோ நகரத்துப் பொது சவுனா எனும் நீராவிக் குளியலறையில், ஆவி மூட்டத்துக்குள் பக்கத்தில் இருந்த முகம் தெரியாத மனிதரிடம் தார்மோ மனதைத் திறந்தான்.

“மனச்சோர்வு மாத்திரையால மனசு தெளிஞ்சிடுச்சுங்க. ஆனா கட்டில்லதான் கடையைச் சாத்திட்டேன். வீட்டுக்காரி மூணு மாசமா சுவரைப் பார்த்துத் தூங்குறா. நாளையோட மாத்திரைக்கு முழுக்கு!”

“அவசரப்படாதீங்க. அது மாத்திரை பண்ற வேலையா இருக்கும், வேற மாத்திப் பார்க்கலாம். டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அந்தக் கண்ணாடிக்காரர்கிட்டயா? ‘நல்லா இருக்கீங்களா?’ன்னு கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் கேப்பாரு. சரி, அதுவே பதில் சொல்லட்டும்னு வந்துடுவேன்.”

அந்த மனிதர் எழுந்தார். வெளியே, சூட்டுக்குப் பயந்து கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னால் வந்தவனைத் திரும்பிப் பார்த்தார்.

“அட, தார்மோவா! திங்கட்கிழமை வாங்க. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டே உட்காருறேன்.”