தரையில் ஒரு சொட்டு இல்லை

டிங்கரையும் சேர்த்து வராந்தாவில் நாலு பேர். ஃபிரிட்ஜுக்கு முன்னால் முக்காலியில் ட்ரெவர். ஜன்னலோர நாற்காலியில் அவன் மனைவி கிளெண்டா. மேல்படியில் ட்ரெவரின் தம்பி கோலின். கோலினின் தொடைமேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது டிங்கர், வீட்டு நாய்.

பீர் வாடை படிப்பக்கமிருந்துதான் வந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜுக்குள் ட்ரெவர் தன் கையால் காய்ச்சிய பீர், எஃகுப் பீப்பாயில் இருந்தது. பீரை வெளியே தள்ளும் கேஸ் பீப்பாய்க்குள் போகும் இணைப்பில் சோப்பு நுரையைப் பிரஷால் தடவிவிட்டு உற்றுப் பார்த்தான். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. மீட்டரின் ஊசி வைத்த இடத்திலேயே நின்றது. வாஷர்களையும் நேற்றுதான் மாற்றியிருந்தான். ஆனால் பீப்பாயைத் தூக்கினால் பாதிதான் கனத்தது.

"கேஸ் கசியல," என்றான். "பீர் கசிஞ்சா தரையில நிக்கணும். தரை காஞ்சு கெடக்கு. ஒரு எறும்பு இல்ல."

"ஃபிரிட்ஜுக்குள்ள தேங்கியிருக்கான்னு பாத்தியா?" என்றாள் கிளெண்டா.

"உள்ள எப்படித் தேங்கும்? நான் பண்ண வேலையை எனக்கே சொல்றியா?"

ஃபிரிட்ஜில் உருகும் தண்ணீரை வீணாக்காமல், பலகை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, கீழே டிங்கரின் கிண்ணத்தில் விழும்படி போன கோடையில் செய்துவைத்தவன் அவன். மேரிபரோ வெயிலில் ஊரெல்லாம் காய்ந்தாலும் அந்தக் கிண்ணம் காய்ந்ததில்லை.

"அப்ப எங்கதான் கசியுது?" என்று கேட்டாள் அவள்.

"தொண்டையில," என்று ட்ரெவர் படியைப் பார்த்தான்.

கோலின் தலை நிமிரவில்லை. "நான் தொடல, ட்ரெவ்."

"தொடல. அப்ப உன் சட்டைதான் குடிக்குதா? இங்க வரைக்கும் வாடை அடிக்குது."

"எனக்கும்தான் அடிக்குது. போர்வைல அடிக்குது, தலகாணில அடிக்குது. ராத்திரி முழிச்சு உக்காந்திருக்கேன். எங்கருந்து வருதுன்னே தெரியல."

"வீட்டுல பீரே போடாதேன்னு இவன் வந்த அன்னைக்கே சொன்னேன்," என்றாள் கிளெண்டா. "கேட்டியா?"

"'எனக்காக நிறுத்தாதே'ன்னு இவன்தான் பெரிய மனுஷனாட்டம் பேசினான்!"

"நான்தான் சொன்னேன்," என்றான் கோலின். "இப்பவும் சொல்றேன். தொடல."

குடியை விட்டு, சிகிச்சை முடிந்து, உயரமான தூண்கள்மேல் நின்ற அண்ணன் வீட்டுக்கு அடியில் இருந்த அறையில் தங்கியிருந்தான் அவன். ராக்ஹாம்ப்டனில் தாயோடு இருக்கும் மகள் பிரைடி, பள்ளி விடுமுறைக்கு அவனிடம் வருவதாகப் பேச்சு. அதற்குத் தாயின் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: கோலின் குடிக்கிறானா இல்லையா என்று அண்ணன் எழுத்தில் தர வேண்டும். இன்றைய தபாலைவிட்டால் விடுமுறை போய்விடும்.

முக்காலியிலேயே காகிதத்தை மடிமீது வைத்துக்கொண்டு ட்ரெவர் பேனாவைத் திறந்தான். கை ஓடவில்லை.

"ட்ரெவ், இன்னும் ஒரு தரம் பாரேன்," என்றாள் கிளெண்டா.

"எத்தனை தரம்? ஆத்தங்கரை வீடு இது. குடிச்சிட்டு இவன் தூங்கிட்டா, அந்தப் புள்ளையை யாரு பாப்பா? நான் பொய் எழுதி அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"



"எழுது," என்றான் கோலின். "உனக்குத் தோணினதை எழுது. கட்டிலுக்கு அடியில அவளுக்கு ஒரு சின்னத் தூண்டில் வாங்கி வெச்சிருக்கேன். அதை மட்டும் அனுப்பிடு."

அவன் எழுந்தான். டிங்கரின் தலை தொடையிலிருந்து நழுவிப் பலகையில் தொப்பென்று மோதியது. நாய் கண்ணைத் திறக்கவில்லை. கோலின் படியிறங்கித் தன் அறைக்குப் போனான். சற்று நேரத்தில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

ட்ரெவர் எழுதினான். *கோலின் மறுபடி குடிக்கிறான். பிரைடியை அனுப்ப வேண்டாம்.* கையெழுத்துப் போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டான். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தி ஒட்டினான்.

வாசலில் தபால்காரர் ஜெஃப்பின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ட்ரெவர் இறங்கிப்போய் உறையை நீட்டினான்.

"என்ன, டிங்கர் துரை ரிட்டயர் ஆயிட்டாரா?" என்றார் ஜெஃப், கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டே. "ரெண்டு வாரமா குரைக்கறதே இல்ல. என் பூட்ஸுக்கு மரியாதையே போச்சு."

ட்ரெவருக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி கிளம்பியது.

சோப்புப் பாத்திரத்தை எடுத்துவைக்க வந்த கிளெண்டா மேல்படி அருகே நின்றாள். கோலின் போய்விட்டான். பீர் வாடை மட்டும் போகவில்லை. அவள் மெல்லக் குனிந்து டிங்கரின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். பிறகு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப் படியிறங்கி வராந்தாவுக்கு அடியில் போனாள்.

மேல்படிக்குத் திரும்பியபோது அவள் கையில், ஃபிரிட்ஜுக் குழாய்க்கு அடியில் இருந்த நாயின் கிண்ணம். அரைக் கிண்ணம் மஞ்சளாய் இருந்தது. விளிம்பைச் சுற்றி வெள்ளை நுரை.

தெருமுனையில் ஜெஃப்பின் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வாசலிலேயே நின்ற ட்ரெவரைப் பார்த்து அவள் சொன்னாள்.

"ட்ரெவ், குடிகாரன் இங்க படுத்திருக்கான்."