பெயில் வரிசை

கூட வேலை பார்க்கிற தனக்கொடி அக்கா திருட்டுத்தனம் பண்ணுறாங்கன்னு மேடம்கிட்ட போட்டுக்கொடுத்தது நான்தான். மனசுல வெச்சுக்கிட்டு முழுங்க எனக்குத் தெரியாது.

என் பேரு செந்தமிழ்ச்செல்வி. பிளஸ் டூவுல பெயிலானது தமிழ்ல. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். அதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு, சேதராப்பட்டு பக்கம் ஒரு விதைக் கம்பெனியோட சோதனை வயலுக்கு வேலைக்கு வந்துட்டேன்.

வயல்ல இருக்கிறது புதுத் தக்காளி. வெள்ளை ஈ கொண்டுவந்து விடுற இலைச்சுருட்டு நோய் இதுக்கு வராதாம். ஏதோ காட்டுத் தக்காளியோட சேர்த்து, எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க. அது நிஜமான்னு பார்க்கத்தான் சோதனை. அதனால ஒரு சொட்டு மருந்து படக் கூடாது.

நடுநடுவே அஞ்சு வரிசை சாதாரணத் தக்காளி. அது நோய் வந்து சுருளணும். சுருண்டாத்தான் ஈ வந்து வேலையைக் காட்டிடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துல புதுசு நிமிர்ந்து நின்னா, அது தாங்குதுன்னு அர்த்தம்.

சுருளுறதுக்குன்னே நட்ட அந்த அஞ்சுக்கும் வயல்ல பேரு 'பெயில் வரிசை'. முனையில குச்சி நட்டு, அட்டையிலயும் அப்படியே எழுதி வெச்சிருந்தாங்க.

நட்ட அன்னிக்கே களை எடுக்க வர்ற வீராயி அக்கா ஆரம்பிச்சுட்டாங்க.

"இன்னா செல்வி, உன் ஆளுங்கள்லாம் சௌக்கியமா?"

"உங்கள விட நல்லாத்தான் இருக்காங்க. போயி களையை எடுங்கக்கா."

ஒரு அட்டையில பெயிலை அடிச்சுட்டு என் பேரையே எழுதிட்டாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எந்த வரிசைன்னு நான் போய்ப் பார்க்கவே இல்ல. நானும் சேர்ந்து சிரிச்சுட்டு, மோட்டார் கொட்டாயில முகம் கழுவிட்டு வந்தேன். அன்னிக்கு வெயில் ஜாஸ்தி.

நாப்பதாம் நாள், சோதனைக்குப் பொறுப்பான கலைமகள் மேடம் வயலைப் பார்க்க வந்தாங்க. நாலு பெயில் வரிசையும் சுருண்டு கிடக்குது. வேலியோரத்து வரிசை மட்டும் பச்சுனு நின்னு பூ விட்டிருக்குது.

"நாத்துக்குக் குழித்தட்டுல விதை போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல மேடம். நான் தமிழ்லதான் பெயிலு. பொட்டலத்துல வெறும் நம்பர்தான் இருந்துச்சு."

மேடம் சிரிக்கல.

"அப்போ இது மட்டும் ஏன் சுருளல? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும். விதை கலந்திருந்தா மொத்தச் சோதனையும் வீண். நீயும் வேற வேலை பார்த்துக்க."

'இதுலயும் பெயிலா?'ன்னு அப்பா ஒரு வார்த்தை கேட்டா போதும், நான் செத்தேன்.

மறுநாள் உழவர்கரையில முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். வயல்ல எனக்கு முன்னாடியே தனக்கொடி அக்கா இருந்தாங்க. வேலியோரமா குந்திக்கிட்டு, பக்கத்துல பக்கெட்டு. வேப்பெண்ணெய் வாடை தூக்குது. ஒவ்வொரு இலையா திருப்பி, குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி, ஈரத்துணியால அடிப்பக்கத்தைத் துடைக்கிறாங்க.

"மாட்டுனீங்களா! ஈயை உக்காரவே விடாம தினம் இதைத்தான் பண்றீங்களா?"

"கத்தாதடி. யாரு கண்டா?"

"நான் கண்டேன்ல! உங்களால என் வேலை போவப்போவுது, தெரியுமா?"

அக்கா கையிலேர்ந்து துணி விழுந்துடுச்சு. "உன் வேலையா? ஐயோ, அப்படி ஆவும்னு தெரியாதேடி!"

"எதுக்குக்கா பண்ணீங்க?"

"பாவமா இருந்துச்சு."

"மத்த நாலு வரிசையைப் பார்த்தா பாவமா இல்லியா?"

அக்கா பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டாங்க.

"மேடம் வந்ததும் சொல்லிடு. பயப்படாம உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். ஒண்ணு விடாம.

மேடம் அக்காவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் காய்ச்சினாங்க. அப்புறம் கொஞ்சம் ஆறிட்டாங்க.

"இந்த வரிசையைச் சோதனையிலேர்ந்து எடுத்துடுறேன். மத்த நாலு இருக்கு, போதும். செல்வி மேல தப்பில்ல. ஆனா தனக்கொடி, இன்னொரு தடவை துணியோட வயலுக்குள்ள உன்னைப் பார்த்தேன், அதோட உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க மேடம்."

"அது சரி, அஞ்சு வரிசையில இது மட்டும் என்ன உசத்தி?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்ல. வேலியோரம் நட்டிருந்த குச்சியைக் காட்டினாங்க.

"மத்ததுலல்லாம் பெயிலுன்னு எழுதியிருக்குது மேடம், சுருண்டா சுருளட்டும்னு விட்டுட்டேன். இதுல புள்ள பேரை எழுதிட்டாங்களே!"