நுனி தெரியாத முடிச்சு

படம் சர்ச் குழுவுக்குப் போய்விட்டது.

"பாருங்கடி, போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, எத்தனை இதயம் விழுது" என்று செயலாளர் அக்கா அலைபேசியை உயர்த்திக் காட்டினாள்.

நாளை காலை பெண்கள் கூடுகை. கடையில் வாங்கிய அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று முடிவு. சர்ச் ஹாலில் நாற்பது காலி ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு பட்டை சாக்குத்துணி, அதைச் சுற்றிச் சணல் கயிறு. வாசல் பக்கத்து மேசைக்கு இருபது, சமையலறைப் பக்கத்து மேசைக்கு இருபது.

வாசல் பக்கத்து மேசையிலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்தாள்.

திரையில் ஒரே ஒரு பாட்டில், மிக அருகில். அதன் முடிச்சு.



இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடிப்பு. நுனி எங்கே போனதென்றே தெரியாது.

அது அவள் புருஷனுடைய முடிச்சு. லாரியில் பாரம் கட்டுகிறவன். அவன் கட்டிய கயிற்றை வேறு எவனாலும் அவிழ்க்க முடியாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். வீட்டில் பீங்கான் பெட்டிகளைக் கட்ட அவளைப் பழக்கினான். நுனி வெளியே தெரிந்தால் விரலில் அடி. வலது ஆள்காட்டி விரல் இன்றைக்கும் மடங்காது.

"உனக்கு முன்னாடி இருந்தவளுக்கு இது கைக்கு வரவே ஒரு வருஷம் ஆச்சு. வந்ததும் செத்துப் போயிட்டா" என்பான், கயிற்றை இழுத்துக்கொண்டே.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடு கிளம்பியவள், யோசித்துத்தான் இந்த ஊரில் இறங்கினாள். ஊருக்கு ஒரே வழி. அந்த வழியில் ரயில்பாதைக்கு அடியில் தாழ்வான பாலம். பாரம் ஏற்றிய லாரி அதற்குள் நுழையாது.

இந்த எட்டு மாதத்தில் ஒரு படத்திலும் அவள் முகம் இல்லை. இன்று எல்லோரும் வரிசையாக நின்றபோதுகூட அவள் ஊசி தேடப் போனாள். டீ போடும் அக்கா வழக்கம்போல அடுப்பைப் பார்க்கப் போனாள்.

முகத்தை ஒளித்தாள். கையை ஒளிக்க மறந்துவிட்டாள். காலையிலிருந்து வாய் ஊர்க்கதை பேச, கை தன்பாட்டுக்கு அவன் முடிச்சையே போட்டிருக்கிறது.

"அக்கா, அந்தப் படத்தை அழிச்சிடுங்களேன். மங்கலா இருக்கு."

"புது போனுடி இது. கண்ணு வைக்காத. என் ஓரகத்தி அவ சர்ச் குழுவுக்கும் அனுப்பிட்டா. அங்க யாரோ கேக்குறாங்களாம், இது யார் கை வேலைன்னு."

யாரோ. புருஷனின் தங்கை இல்லாத ஜெபக்குழு கிடையாது. விடிந்தால் ஒரு வசனம், பொழுது சாய்ந்தால் ஒரு வசனம் அனுப்புகிறவள்.

தையல்காரி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, ஏன்டி வெட்டுற?"

"மொட்டையா இருக்கு அக்கா. பூ முடிச்சு போட்டா எடுப்பா இருக்கும்."

 அடுத்த பாட்டிலை இழுத்து வெட்டினாள்.

ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறு மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது. கட்டிலுக்கடியில் பை தயாராக இருக்கிறது. பத்து. பாலத்தில் லாரிதான் நுழையாது, ஆள் நடந்து வரலாம். பதினைந்து. இருபது.

படத்தில் இருந்த பாட்டில் மட்டும் கண்ணில் படவில்லை.

செயலாளர் அக்காவின் அலைபேசியை வாங்கி மறுபடி பார்த்தாள். பாட்டிலுக்குள் காய்ந்த புல் கதிர்கள். அவள் தன் இருபதிலும் வைத்தது குச்சிகள்.

இதை அவள் கட்டவில்லை.

அப்படியென்றால் கட்டியவன் உள்ளே வந்திருக்கிறான்.  வாசலைப் பார்த்தாள். ஒரு கதவு திறந்திருந்தது. வெளியே யாரோ செருப்பைத் தரையில் தட்டும் சத்தம். பெருக்குகிறவள் தலையை நீட்டி, உள்ளே வரலாமா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் ஹாலின் மறுகோடியில் அந்தச் சத்தம்.

நறுக்.

அவள் கத்தரிக்கோல் மேசைமேல் கிடந்தது.

சமையலறைப் பக்கத்து மேசையில், முதுகைக் காட்டியபடி டீ போடும் அக்கா உட்கார்ந்திருந்தாள். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டுவாள். அவள் எதிரே இருபது பாட்டில்கள், புல் கதிர்களோடு. ஒவ்வொன்றாக இழுத்துக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிவது அவளுக்குத் தெரியவில்லை.

தையல்காரி பக்கத்தில் போய் நின்றாள்.

கத்தரிக்கோல் பிடித்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டீ போடும் அக்கா நிமிர்ந்தாள். தையல்காரியின் விரலைப் பார்த்தாள். வாசல் மேசையில் வெட்டிக் கிடந்த கயிறுகளைப் பார்த்தாள். 

பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"நீயும் பாலத்தைப் பாத்துட்டுதான் இந்த ஊர்ல இறங்குனியா?"