ஹார்ட் மோடுக்கு ஒரு ரசிகை

"ஒரு வாரத்துக்குன்னு விட்ட கஷ்டமான ஆட்டம், அந்த ஹார்ட் மோடை எதுக்குய்யா நிரந்தரமா கேம் மெனுவுல வைக்கணும்? நானே வீட்டுல ஆடிப் பார்த்தேன், நிமிஷத்துல ஆள் காலி!" என்று சீறினார் துப்பாக்கிச் சண்டை கேம் கம்பெனியின் முதலாளி.

"ஒரு லேடி, எடுத்துடாதீங்கன்னு தினமும் போன்ல கெஞ்சுறாங்க சார்," என்ற மேனேஜர், அந்தப் பெண்ணுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எத்தனை ரவுண்டு தாண்டினீங்கம்மா?" முதலாளிக்கு ஆவல் தாங்கவில்லை.

"நான் எங்க சார் ஆடுறேன்? ஈஸியில எங்க வீட்டுக்காரர் மணிக்கணக்கா உயிரோட இருப்பார். ஹார்டுல உட்கார்ந்ததுமே செத்துடுறார். எழுந்து வந்து பாத்திரம் கழுவுறார்!"

மீட்டிங்கில் இருந்தவர்களின் சிரிப்பு அடங்கியதும், "அப்ப மெனுவுல வச்சிடலாமா சார்?" என்றார் மேனேஜர்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"வச்சுத் தொலை. ஆனா, இந்த விஷயம் எங்க வீட்டம்மா காதுக்குப் போச்சு, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்!"